மாறுதல் உட்பட

"நீ எழுதுறது ரைட்டா ராங்கானு உன் வூட்ல யாருக்குத் தெரியும்மா?"

நான் வங்கியில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் செங்கல்பட்டுக் கிளையின் காஷியர் கேட்டது இது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பள்ளியில் தமிழில் நான்தான் முதல் மதிப்பெண் என்று, யாரும் கேட்காமலே அப்போதுதான் சொல்லியிருந்தேன். என் நைனாவும் அம்மாவும் கைநாட்டு என்பது அவருக்குத் தெரியும். சேரும்போது நான் கொடுத்த தாள்களில் ஒன்றில் நைனாவின் பெருவிரல் ரேகை இருந்தது. அதைப் பார்த்திருக்கிறார்.

டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கைகழுவப் போனேன். குழாயடியில் நின்றபோதுதான் அவர் கேட்டது பொய்யில்லை என்று தோன்றியது. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கே நான்தான் மனு எழுதுவேன். ரேஷன் கார்டுக்கு, பட்டாவுக்கு, காணாமல்போன மாட்டுக்கு. எழுதி முடித்ததும் மை தடவிய விரலோடு காத்திருப்பார்கள். நான் காட்டிய இடத்தில் அழுத்துவார்கள். ஒருவர்கூட அதைப் படித்துவிட்டு, இந்த வரி சரியில்லை என்று சொன்னதில்லை. சொல்ல ஆளில்லை. நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு முதன்முதலாகக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. சாயங்காலம் செங்கல்பட்டில் ரயில் ஏறுவதற்குள் அது போய்விட்டது.

எங்கள் மேனேஜர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. சிறிய கடன்காரர்களுக்கு அனுப்பும் கடிதம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷ் கடிதத்தோடு ஒரு தமிழ்க் கடிதமும் சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழுக்கு அச்சடித்த படிவம் கிடையாது. நானே எழுத வேண்டும். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் வந்து பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. என் எழுத்துக்குக் கீழே வங்கியின் முத்திரை விழப்போகிறது. இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, பேனாவால் அழுத்தினால் மை கொட்டும் என்று பால்பாயிண்ட் வாங்கி வந்து எழுதினேன். மேனேஜர் இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். தமிழ்க் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அது கோவளத்துக்குப் போக வேண்டிய கடிதம். அங்கே ஒரு பாய், நாற்பது வயதிருக்கும், மீனுக்கு ஐஸ் வாங்கி விற்கிறவர். மெட்ராஸிலிருந்து லாரியில் வருகிற ஐஸ் பாறை பாதி வழியிலேயே தண்ணீராகிவிடுகிறது என்று சொல்லி, ஐஸ் உடைக்கிற மெஷினுக்கும் பாறையைக் கரையாமல் வைத்துக்கொள்ள ஒரு ஷெட்டுக்கும் கடன் கேட்டிருந்தார். கடிதத்தை வாங்க அவரே வந்தார். கவுன்டரில் நின்றபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் எழுதியதை ஒருவர் முழுதாகப் படிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னவோ பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றேன்.

"நல்லா பிரியுது தங்கச்சி," என்றார். "மத்த பேங்க் காயிதம்லாம் வக்கீலு கைல குடுத்தாத்தான் பிரியும்."

அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் காஷியர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பாய் சொன்னது காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பாய் போனதும் இந்தக் கடனை எந்த லெட்ஜரில் எழுதுவது என்று மேனேஜரிடம் கேட்டேன். எதிலும் வேண்டாம் என்றார். பணம் வெளியே போகும்வரை அது கடனில்லை. அப்படியானால் இப்போது அது என்ன என்று கேட்டேன். சிரித்தார். அதற்கு முந்தின மாதம் ஒரு ரோடு கான்ட்ராக்டருக்காக, அவர் தவறினால் பணத்தை நாங்கள் தருகிறோம் என்று வங்கி கியாரண்டி கொடுத்தபோது, ஒரே தொகையை லெட்ஜரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே தொகை என்றால் கழித்தால் ஒன்றுமில்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று அப்போதும் கேட்டேன். ஒரு ஞாபகத்துக்கு என்றார்கள். இந்தக் கடிதத்துக்கு அந்த ஞாபகமும் கிடையாது. தபால் அனுப்பும் ரிஜிஸ்டரில் ஒரு வரி. கோவளம், கடிதம் ஒன்று, நேரில் பெற்றுக்கொண்டார். அவ்வளவுதான். பெட்டியில் ஒரு ரூபாய் குறையவில்லை. எந்தக் கணக்கிலும் ஒரு எழுத்து ஏறவில்லை. ஆனால் ஒருவர் எங்கள் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எனக்கு அது பிடிபடவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஷெட்டுக்கு மின்சார இணைப்பு வரவில்லை. பாய் இரண்டு மூன்று முறை வந்து, இன்னும் கரன்ட் கொடுக்கவில்லை, வந்ததும் பணத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதக் கெடு இருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

அந்த இடைவெளியில்தான் வட்டி ஏறியது. நாடு முழுக்க எல்லா வங்கியிலும் ஏறியது. டெபாசிட் போடுகிறவர்களுக்குக் கூடுதல் வட்டி, கடன் வாங்குகிறவர்களுக்கும் கூடுதல் வட்டி. அறிவிப்புப் பலகையில் பழைய எண்களை அழித்துப் புதியதை எழுதியதும் நான்தான். சின்னக் கடனுக்குப் பன்னிரண்டு என்றிருந்தது பதினான்கு ஆனது.

வீட்டில் முதல் சண்டை அதனால் வந்தது. என் முதல் நான்கு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மா பெயரில் மூன்று வருஷத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி இப்போது போய் விசாரித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "நான் மொதல்ல போட்டவ. எனக்குக் கம்மி, இப்ப வந்தவளுக்கு ஜாஸ்தியா? இன்னா பேங்க்கு இது?" என்று அம்மா கேட்டாள். ஃபிக்ஸட் என்றால் மாறாது, ஏறினாலும் உனக்கு ஏறாது, இறங்கினாலும் உனக்கு இறங்காது என்று விளக்கினேன். சொன்ன சொல்லை வங்கி மாற்றாது என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். அம்மா சமாதானமாகவில்லை.

அடுத்த வாரம் ரீஜனல் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொடுப்பதாகச் சொல்லி இன்னும் கொடுக்காமல் இருக்கும் கடன்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன வட்டி சொல்லியிருக்கிறோம் என்று பட்டியல் அனுப்ப வேண்டும். லெட்ஜரைப் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் லெட்ஜரில் அவை இல்லை. தபால் ரிஜிஸ்டரைப் புரட்டி, கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு கடிதமாகப் படிக்க வேண்டும். மேனேஜர் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்.

ஏழு கடிதங்கள் கிடைத்தன. ஆறு, பெரிய கடன்களுக்குப் போனவை, அதனால் இங்கிலீஷில் மட்டும். எல்லாவற்றிலும் வட்டிக்குப் பக்கத்தில் ஒரே வாசகம். இந்த வட்டி அவ்வப்போது மாறக்கூடியது என்பதுதான் அதன் பொருள். அதனால் ஆறுக்கும் புது வட்டி. ஏழாவது கோவளத்துக் கடிதம். இங்கிலீஷில் அதே வாசகம். அதோடு குத்தியிருந்த என் கார்பன் காப்பியைத் திருப்பினேன். பட்டியலுக்கு அது தேவையில்லை. என் எழுத்தை நானே பார்த்து ரசிக்கத்தான் திருப்பினேன்.

"ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு, அவ்வப்போது ஏற்படும் மாறுதல் உட்பட."

ஒருமுறை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு முறை படித்தேன். மாறுதலுக்கு உட்பட்டது என்றல்லவா இருக்க வேண்டும்? அதைத்தானே எழுதியிருக்கிறேன்? இல்லை, உட்பட என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே? மாறுதலும் அதற்குள் அடக்கம் என்றால், மாறலாம் என்றுதானே அர்த்தம்? அல்லது மாறினாலும் பன்னிரண்டுக்குள்ளேயே அடக்கம் என்று அர்த்தமா? திரும்பத் திரும்பப் படித்ததில் உட்பட என்பது தமிழ்ச் சொல்லாகவே தெரியவில்லை. ஏதோ வாய்க்குள் உருளுகிற சத்தமாக இருந்தது.

வரைவு எழுதிய தாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. அதில் முதலில் உட்பட்டது என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு அடித்திருந்தேன். ஏன் அடித்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸில் வருகிற சொல், ஒருவருக்குக் கீழே இன்னொருவர் கைகட்டி நிற்கிற சொல். பள்ளியில் என் கட்டுரைகளைச் சுருக்கமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். இதையும் சுருக்கி அழகாக்கியிருக்கிறேன்.

காஷியரிடம் போனேன். எதைப் பற்றி என்று சொல்லாமல், அந்த ஒரு வரியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டி, இதற்கு என்ன சார் அர்த்தம் என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஓட்டல்ல சாப்பாடு ரெண்டு ரூபா, பாயாசம் உட்படன்னு போர்டு போட்டா இன்னா அர்த்தம்? பாயாசத்துக்குத் தனியா டப்பு கேக்கக் கூடாதுன்னு அர்த்தம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இன்னாத்துக்குக் கேக்குற?"

சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். பாய் விரல் வைத்துப் படித்தது இதைத்தான். வட்டி நாடு முழுக்க ஏறினாலும் உனக்குப் பன்னிரண்டுதான் என்று வங்கியின் முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எந்தக் கணக்கிலும் இல்லை. நான் இப்போது இந்தக் காப்பியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை, பாயைத் தவிர.

மேனேஜரிடம் சொன்னேன். படித்துக் காட்டச் சொன்னார். காதால் கேட்டதும் அவருக்கும் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் எழுதினீர்கள், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், இதில் யாரை யார் கேட்பது என்றார். பதினான்கு வட்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பன்னிரண்டுக்குக் கொடுத்தால், டெபாசிட்காரருக்கு ஏற்றிக் கொடுத்ததை எங்கிருந்து எடுப்பது என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். ஒரு கடிதத்தில் வங்கி மூழ்கிவிடாது. ஆனால் எத்தனை கிளையில் எத்தனை கடிதம் இப்படி வெளியே இருக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாது, அதனால்தான் பட்டியல் கேட்கிறார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் அறிக்கை போக வேண்டும். நன்றாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். இது மேலே போனால் அந்த அறிக்கை நிற்கும். அவருக்கும் விளக்கம் கேட்டுத் தாள் வரும்.

"நாலஞ்சு எழுத்துதானேமா," என்றார். "சரியா எழுதி, அதே தேதி போட்டு, கோவளம் போய்ப் பழசை வாங்கிட்டு இதைக் குடுத்துடுங்க. உங்க எழுத்து, நீங்க கேட்டா குடுப்பார்."

சரி என்றேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. தப்பாக எழுதியதைத் திருத்தி எழுதுவதில் என்ன தப்பு? பரீட்சையிலும் அடித்துத் திருத்தத்தானே செய்கிறோம்?

சனிக்கிழமை அரை நாள். வேலை முடிந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே வண்டி மாறினேன். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலையில் பஸ் திருவிடந்தையைத் தாண்டும்போது புதிய கடிதம் இருந்த உறையை ஒருமுறை திறந்து பார்த்தேன். மாறுதலுக்கு உட்பட்டது. இந்த முறை தப்பில்லை. ஆனால் தேதி ஐந்து மாதம் பழையது, மை முந்தாநாளுடையது.

பாயின் ஷெட் கரைக்குப் போகிற வழியில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே சுவர் ஓரமாக மரத்தூள் குவியல், நடுவில் சாக்கு போர்த்திய மெஷின். முன்பணம் மட்டும் கொடுத்து இறக்கியிருக்கிறார். கூரையிலிருந்து ஒரு பல்பு தொங்கியது. அதைப் போட்டுக் காட்டினார். அந்த வாரம்தான் கரன்ட் வந்திருக்கிறது. புதன்கிழமை பணம் எடுக்க வருவதாக இருந்தார்.

மீன் கூடையோடு ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். பேங்க்கிலிருந்து வருகிறேன் என்று நான் சொன்னதும், "இன்னா பாய், பேங்க்கே வூடு தேடி வந்துகீது? உனுக்கு வந்த யோகத்தப் பாரு," என்றார்.

பாய் டீ வரவழைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் விலையை ஏற்றிவிடுவாயா என்று அந்த அம்மா கேட்டதற்குப் பதிலாகத்தான், என்னிடம் சொல்லவில்லை, ஐஸ் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எட்டுக் கட்டுமரக்காரர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு பெட்டி ஐஸ் இன்ன விலை, இந்த சீசன் முடிகிற வரைக்கும். மழை பெய்தாலும், மெட்ராஸில் ஐஸ் ஏறினாலும், அதே விலை.

"போன வர்சம் ஒருத்தன் இப்பிடித்தான் சொன்னான்," என்றார் அந்த அம்மா. "நடுவுல ஏத்திட்டான். நீயும் ஏத்திட்டியினா உன் மிசின கடல்ல தூக்கிப் போட்டுருவோம்."

"அவன் யாரு வாக்க நம்பிச் சொன்னானோ. எனுக்கு பேங்க்ல எழுதிக் குடுத்துகீறாங்க. எம்மாம் வட்டி கட்டணும்னு எனுக்குத் தெரியும். அத வச்சித்தான் வெல போட்டேன்," என்றார் பாய்.

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. ஒரு கடிதத்தை மாற்ற வந்தேன். அந்தக் கடிதத்தின்மேல் இன்னொரு வாக்கு நிற்கிறது, அந்த வாக்கின்மேல் எட்டு வீட்டுக் கணக்கு நிற்கிறது. இந்த எட்டும் எந்த வங்கியின் எந்த லெட்ஜரிலும் வராது. அந்தப் பக்கம் பார்த்தால் டெபாசிட்காரர்கள் நிற்கிறார்கள், அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அம்மாவிடம் நான் என்ன சொன்னேன்? சொன்ன சொல்லை வங்கி மாற்றாது என்றேன். அப்படியானால் இவரிடம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? ஆனால் இவரிடம் வங்கி சொல்லவில்லையே, நானல்லவா தப்பாகச் சொன்னேன்? நான் சொன்னால் அது வங்கி சொன்னதாகுமா? முத்திரை இருக்கிறதே?

அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனபிறகு, அந்தக் காகிதத்தில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது பாய் என்று சொன்னேன். அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். எங்கே தப்பு என்று கேட்டார். நான் வாயால் சொல்லாமல் புதிய கடிதத்தை நீட்டினேன். அவர் அதே மாதிரி விரல் வைத்துப் படித்தார். வட்டி வரியில் விரல் நின்றது. பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் ஒரு சொல், அதில் ஒரு சொல் என்று இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"உட்பட்டதுன்னா, நீங்க எப்ப இன்னா சொல்றீங்களோ அது."

ஆமாம் என்றேன்.

"ரெண்டும் நீ எழுதுனதா தங்கச்சி?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"ரெண்டுத்துலயும் ஒரே தேதி கீதே."

அதில் கோபம் இல்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கைநாட்டு வைக்கிறவர்களிடம் இப்படி எழுதி வாங்குகிறவர்களைப் பற்றி நைனா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடமானப் பத்திரத்தில் பழைய தேதி போட்டு என் தாத்தாவிடம் ரேகை வாங்கியதைத் தான் மறக்கவில்லை என்பார். படித்தால் இந்தக் கூத்தெல்லாம் நமக்கு நடக்காது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது உறையோடு வந்து உட்கார்ந்திருப்பது நான்.

பதினான்கு ஆகிவிட்டதையும், என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் உளறிக் கொட்டினேன். முன்பின் இல்லாமல் சொன்னேன். அவர் பழைய கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"உன் வேல போவும்னா எடுத்துக்கினு போ. நான் ஐஸுக்கு வெல ஏத்திக்கிறேன். கத்துவாங்க. கத்திட்டுப் போறாங்க."

எடுத்துக்கொள் என்று அவரே சொல்லிவிட்டார். மேஜைமேல் இருக்கிறது, கை நீட்டினால் போதும். நான் ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியாது. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது மட்டுமில்லை. அந்தக் கடிதத்தை அவர் மடித்த மடிப்பில் அழுக்கேறி, எழுத்து ஒரு இடத்தில் வெளுத்திருந்தது. பல தடவை பிரித்துப் படித்திருக்கிறார். நான் எழுதியதை இத்தனை தடவை படித்த ஒரே ஆள் அவர். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. புதியதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமை வாருங்கள் என்று சொன்னேன். எந்த வட்டிக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். அவருக்குப் பன்னிரண்டு என்றால் யார் இழக்கிறார்கள்? பதினான்கு என்றால் யார் இழக்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. செங்கல்பட்டில் இறங்கும்வரை ஒன்றும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரீஜனல் ஆபீஸுக்கு ஒரு விளக்கம் எழுதினேன். தமிழிலேயே எழுதி, கீழே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுருக்கமும் எழுதினேன். உட்பட்டது என்று எழுத வேண்டிய இடத்தில் உட்பட என்று எழுதியது நான். அழகுக்காகச் சுருக்கினேன். மேனேஜர் தமிழ் படிக்கத் தெரியாதவர். அந்த வரியைப் படித்தவர் அதற்கு உரிய அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார், அதை நம்பி அவரும் பிறருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இந்தக் கடனுக்கு வட்டி பன்னிரண்டு என்றே காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே தேதியிட்ட புதிய கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், அது யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

நைனா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு மனு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "உனுக்கே மனுவா?" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை, மேனேஜர் வருவதற்கு முன் அதைக் காஷியரிடம் கொடுத்தேன். சரியா தப்பா என்று பாருங்கள் சார், வீட்டில் படிக்க ஆளில்லை என்றேன். அவர் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு, எல்லா வரியையும் படித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். வாக்கு என்ற சொல்லில் ஒரு க் விட்டுப்போயிருந்தது.

"இத்த சரி பண்ணு," என்றார். "மீதி ரைட்டு. ஆனா நீ ஒரு லூசு."

மேனேஜரிடம் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பட்டியலில் ஏழாவது வரிக்கு நேரே விளக்கம் தனியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புதன்கிழமைக்குள் பதில் வராது என்றார். அதுவரை கடன் பத்திரத்தில் வட்டி இடத்தை வெறுமையாக விட்டு வைக்கலாம், வந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் செய்வதுதான்.

மதியம் தபால் ஆபீஸில் விளக்கத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்து ரசீது வாங்கினேன். மறுநாள், செவ்வாய்க்கிழமை, பாயின் பத்திரங்களைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். பெயர், ஊர், தொகை, தவணை. வட்டி இடம் வந்தது. வெற்றிடத்தில் ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொன்னால் அதற்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. பிறகு, நானே முடிவு செய்ய நான் யார் என்றும் தோன்றியது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை பாய் வருவதற்கு முன்னால் பத்திரங்கள் மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டன. வட்டி இடத்தில், அழிக்க முடியாத மையில், பன்னிரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தேன்.